அரிசோனா பாலைவனத்தில் கல் தேடும் குழுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலம் தொடங்கினால் போதும், பீனிக்ஸ் பக்கம் இருக்கும் எங்கள் கல் சேகரிக்கும் குழுவில் புதியவர்கள் சேர ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு நாள் பயணம் இது. சனிக்கிழமை விடியற்காலை பீனிக்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே கிளம்பி, டோனோபா அருகே சாடில் மலையில் கல் பார்ப்போம். மாலைக்குள் குவார்ட்ஸைட் ஊரைத் தொட்டு அங்கே முகாம். மறுநாள் கோஃபா வனவிலங்குச் சரணாலயத்தில் உள்ள கிரிஸ்டல் ஹில். சில ஆண்டுகளில் கொலராடோ ஆற்றைத் தாண்டி கலிபோர்னியாவுக்குள்ளும் போவதுண்டு. வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

எந்த மாதம் போவது நல்லது?

நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. ஜனவரியில் பகலில் ஸ்வெட்டர் தேவைப்படாது, இரவில் கம்பளி இல்லாமல் முடியாது. ஜூன், ஜூலையில் இதே இடத்தில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அப்போது யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள், எங்கள் குழுவும் போகாது.

எனக்குக் கல்லைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வரலாமா?

தாராளமாக. இரண்டே சோதனைகளைத் தெரிந்துகொண்டு வந்தால் போதும். வெள்ளையாக ஒரு கல் கிடைத்தால் அது குவார்ட்ஸா, கால்சைட்டா என்பதுதான் முதல் நாள் எல்லோருக்கும் வரும் சந்தேகம். பழைய கண்ணாடித் துண்டு ஒன்றில் கல்லின் முனையை அழுத்திக் கீறுங்கள். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, கண்ணாடிக்குச் சுமார் 5.5. அதனால் குவார்ட்ஸ் கீறல் போடும், 3 என்ற அளவில் இருக்கும் கால்சைட் போடாது. அப்புறம் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். கால்சைட் மெல்ல நுரைக்கும், குவார்ட்ஸ் அசையாது. இந்த இரண்டையும் கையால் செய்து பார்த்தவர்கள் மதியத்துக்குள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சாடில் மலையில் என்ன கிடைக்கும்? எப்படித் தேடுவது?

பீனிக்ஸிலிருந்து சுமார் 50 மைல் தூரத்தில், தட்டைச் சமவெளியிலிருந்து திடீரென்று எழும் எரிமலைப் பாறை மலை இது. ஒரு காலத்தில் வெளிவந்த எரிமலைக் குழம்பு இறுகும்போது அதற்குள் வாயுக் குமிழ்கள் அடைபட்டுப் பொந்துகளாக நின்றன. பின்னால் சிலிக்கா கரைந்த நீர் அந்தப் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் ஊறி, ஊறி, மிக நுண்ணிய குவார்ட்ஸாகப் படிந்தது. அதுதான் சால்செடோனி. சுற்றியிருந்த பாறை காலப்போக்கில் உதிர்ந்து போக, கடினமான சால்செடோனி மட்டும் தரையில் மிஞ்சிக் கிடக்கிறது. அதனால் இங்கே தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. நடக்கவும் குனியவும் தெரிந்தால் போதும்.

பெரும்பாலும் கையில் கிடைப்பது சால்செடோனி ரோஸ் எனப்படும் வெள்ளைக் கல். விளிம்பு சுருண்டு, அடுக்கடுக்காக, உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க நேரம் முக்கியம். காலை எட்டு, ஒன்பது மணிக்குச் சூரியன் தாழ்வாக இருக்கும்போது சூரியனைப் பார்த்தபடி மெதுவாக நடங்கள். ஒளி புகும் கல் எல்லாம் உள்ளிருந்து பளிச்சென்று தெரியும், சாதாரணப் பாறை கறுத்து நிற்கும். உச்சி வெயிலில் எல்லாமே ஒரே நிறமாகிவிடும். அதனால்தான் விடியற்காலையில் கிளம்ப வேண்டும் என்று அடம் பிடிக்கிறோம்.

எல்லோரும் ஆசைப்படுவது ஃபயர் அகேட். அதைப் பார்த்ததும் யாரும் எடுக்க மாட்டார்கள், அவ்வளவு சாதாரணமாக இருக்கும். மேல்பரப்பு பழுப்பு நிறத்தில், திராட்சைக் குலை மாதிரி சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டிருக்கும். தண்ணீர்த் தெளிப்பானால் ஒரு முறை நனைத்து, வெயிலில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல துண்டாக இருந்தால் பழுப்புக்கு அடியிலிருந்து ஒரு பச்சை ஓடும், இன்னும் சாய்த்தால் அது செம்பொன்னாக மாறும். சால்செடோனி படிந்தபோது இடையிடையே இரும்பு ஆக்சைடு மிக மெல்லிய படலங்களாகச் சேர்ந்தது. ஒளி அந்தப் படலங்களில் பட்டுத் திரும்பும்போது ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் பிரிகிறது. கல்லில் சாயம் எதுவும் கிடையாது. இங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பழுப்போடு நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபயர் அகேட்டுக்காகவே போக வேண்டுமானால், மாநிலத்தின் கிழக்கே சாஃபோர்ட் அருகில் கல் சேகரிப்பவர்களுக்கென்றே அரசு ஒதுக்கிய பிளாக் ஹில்ஸ் பகுதி இருக்கிறது. அது தனிப் பயணம்.

குவார்ட்ஸைட்டில் என்ன விசேஷம்?

சாதாரண நாளில் சில ஆயிரம் பேர் வாழும் சின்ன ஊர். ஜனவரி, பிப்ரவரியில் வீட்டு வண்டிகளில் வரும் கூட்டம் சுற்றியுள்ள பாலைவனத்தையே நிரப்பிவிடும். தெருவோரக் கூடாரங்களில் உலகத்துக் கல் எல்லாம் விற்பனைக்கு வரும். அங்கே போய்ப் பையை நிரப்பிக்கொண்டு திரும்புவதும் ஒரு மகிழ்ச்சிதான், ஆனால் அது வேறு மாதிரி மகிழ்ச்சி.

ஊர்க் கல்லறையில் ஒரு சின்னக் கல் பிரமிடு இருக்கிறது, உச்சியில் ஒட்டக உருவம். பாலைவனத்தில் சாமான் சுமக்க அமெரிக்க ராணுவம் 1856-இல் ஒட்டகங்களை இறக்குமதி செய்தது. அவற்றை ஓட்ட வந்தவர்களில் ஒருவர் ஹாஜி அலி. உள்ளூர்க்காரர்கள் வாயில் அந்தப் பெயர் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்ட பிறகும் அவர் இந்தப் பக்கமே தங்கி, 1902-இல் இறந்தார். பிரமிடை 1935-இல் எழுப்பினார்கள். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

கிரிஸ்டல் ஹில்லில் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாமா?

கூடாது. இது வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் இடம். பெருங்கொம்பு ஆடுகளைக் காப்பதற்காக 1939-இல் ஏற்படுத்திய சரணாலயம் அது. பொதுவாகச் சரணாலயத்தில் ஒரு கல்லைக்கூட எடுக்க முடியாது. இந்தக் குன்றுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். 12 மாதத்தில் ஒருவர் 10 துண்டு அல்லது 10 பவுண்டு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை. அதாவது அதிகபட்சம் நாலரைக் கிலோ. தோண்டக் கூடாது, மெட்டல் டிடெக்டர் கூடாது, தரையில் கிடப்பதைக் கையால் பொறுக்குவது மட்டும்தான். சுத்தியலை வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கிடைப்பது சின்னக் குவார்ட்ஸ் படிகங்கள், பெரும்பாலும் விரல் நகம் அளவு. மழை பெய்து ஓய்ந்த ஒரு வாரத்துக்குள் போனால் மண் கழுவப்பட்டு படிக முகங்கள் மினுங்கும். பத்துக்குமேல் கூடாது என்பதால் ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், காரணம் அந்தப் பத்து என்ற வரம்பு. பையில் அள்ளிப் போட முடியாது என்று தெரிந்தவுடன் எல்லோரும் உட்கார்ந்து கல்லைப் பார்க்க ஆரம்பிக்கிறார்கள்.

மற்ற இடங்களில்? பாலைவனம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம்தானே?

இந்த எண்ணத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம். இங்கே ஒவ்வோர் அங்குலத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. வேலி இல்லை, பலகை இல்லை, அவ்வளவுதான்.

நமக்குத் திறந்திருப்பது பி.எல்.எம். எனப்படும் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை நிலம். அரிசோனாவில் மட்டும் சுமார் 1.2 கோடி ஏக்கர். அங்கே பொழுதுபோக்காகச் சேகரிக்கக் கட்டணமோ அனுமதிச் சீட்டோ வேண்டாம். சாதாரண கல், படிகம் எல்லாம் ‘நியாயமான அளவு’ எடுக்கலாம் என்பது விதி. கல்லாக மாறிய பழங்கால மரமான கல்மரத்துக்கு மட்டும் எண் கொடுத்தே சொல்லியிருக்கிறார்கள்: ஒருவர் ஒரு நாளைக்கு 25 பவுண்டும் கூடுதலாக ஒரு துண்டும், ஆண்டுக்கு மொத்தம் 250 பவுண்டு. ஏறக்குறைய 113 கிலோ. பத்துப் பேர் பங்கையும் கூட்டி ஒரு பெரிய அடிமரத்தை ஏற்றிவிடலாமே என்று குழுப் பயணங்களில் கட்டாயம் ஒருவர் கேட்பார். 250 பவுண்டுக்கு மேல் எடையுள்ள துண்டுக்காகப் பங்குகளைச் சேர்க்கக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் குழுவில் எல்லாக் கல்லுக்கும் இந்த 25 பவுண்டையே எல்லையாக வைத்திருக்கிறோம். அதில் பாதிகூட யாருக்கும் தேவைப்படுவதில்லை.

பி.எல்.எம். நிலத்திலேயே சில இடங்களில் யாராவது சுரங்க உரிமை பதிந்து வைத்திருப்பார்கள். மூலைகளில் நட்ட வெள்ளைக் குழாய் அல்லது கல் குவியல், அதற்குள் ஒரு தாள். அதைக் கண்டால் உரிமைக்காரரின் சம்மதம் இல்லாமல் உள்ளே பொறுக்கக் கூடாது. தேசியப் பூங்காக்களில் அறவே கூடாது. பழங்குடி மக்களின் நிலம் அவர்களுடையது, அங்கே கால் வைப்பதற்கே அனுமதி வேண்டும். மாநில அறக்கட்டளை நிலத்திலும் எடுக்க முடியாது. ராணுவப் பயிற்சி நிலங்களில் வெடிக்காத குண்டுகள் கிடக்கும், அந்தப் பலகை தெரிந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும்.

நில உரிமையைக் காட்டும் வரைபடத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இல்லாமலே வேலை செய்யும்படி. எல்லை மாறிக்கொண்டும் இருக்கும். 2025 ஜனவரியில்தான் கலிபோர்னியப் பக்கம் சக்வால்லா தேசிய நினைவுச்சின்னம் என்ற பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பு அறிவிக்கப்பட்டது. அதனால் பழைய கையேட்டை மட்டும் நம்பாமல், போவதற்கு முன் அந்தந்த பி.எல்.எம். அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். எத்தனை பேர் வருகிறோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது வழக்கம், பெரிய குழு என்றால் தனி அனுமதி தேவைப்படலாம்.

கல்மரம் பார்க்க அரிசோனாவின் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவுக்குப் போகலாமா?

பார்க்கப் போங்கள், கட்டாயம் போங்கள். திருவக்கரையில் கல்மரம் பார்த்தவர்களுக்கு இதன் அளவு வியப்பாக இருக்கும். திருவக்கரை மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு, இங்கே கிடப்பவை 20 கோடி ஆண்டுக்கும் மேல், டைனோசர்கள் தலையெடுத்த காலத்தவை. ஆற்று வண்டலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் அடியில் புதைந்த அடிமரங்களில் சிலிக்கா ஏறிக் குவார்ட்ஸாகவே மாறிவிட்டன. இரும்பு கலந்த இடம் சிவப்பு, மஞ்சள். 1906-இல் பாதுகாக்கப்பட்டது, 1962-இல் தேசியப் பூங்காவானது. அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

அந்தப் பூங்காவைப் பற்றி ஒரு செய்தியைப் புதியவர்களுக்கு எப்போதும் சொல்வேன். பல ஆண்டுகளாக அங்கே கல் திருடிக்கொண்டு போனவர்கள் அதைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். கல்லை எடுத்ததிலிருந்து வேலை போச்சு, உடம்புக்கு வந்துவிட்டது என்றெல்லாம் மன்னிப்புக் கடிதமும் கூடவே வரும். ஆனால் வந்த கல்லைப் பூங்காக்காரர்களால் காட்டில் திரும்ப வைக்க முடிவதில்லை. எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. தப்பான இடத்தில் போட்டால் ஆராய்ச்சி செய்பவர்களை அது ஏமாற்றிவிடும். அதனால் எல்லாம் ஒரு சாலையோரக் குவியலாகச் சேர்ந்து கிடக்கிறது, ‘மனசாட்சிக் குவியல்’ என்று பெயர். ஒரு துளி நிறமோ எடையோ குறையாமல் கல் திரும்பி வந்திருக்கிறது. இருந்த இடம் தொலைந்ததுதான் இழப்பு.

வாங்கத்தான் வேண்டும் என்றால், பூங்காவுக்கு வெளியே தனியார் நிலத்தில் எடுத்த கல்மரத்தை ஹோல்புரூக் ஊர்க் கடைகளில் சட்டப்படியே விற்கிறார்கள்.

ஒவ்வொரு கல்லுக்கும் சீட்டு எழுதச் சொல்கிறீர்களாமே, அது அவசியமா?

மேலே சொன்ன குவியல்தான் இதற்குப் பதில். இடம் தெரியாத கல் வெறும் அலங்காரப் பொருள். இடம் எழுதிய கல்லை எந்த அருங்காட்சியகக்காரரிடமும் காட்டிப் பேசலாம், பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளை அதே இடத்துக்குத் திரும்பப் போகலாம்.

குழுவில் வருகிறவர்களிடம் நாங்கள் வைக்கும் ஒரே கட்டாயம் இதுதான். கல்லை எடுத்த இடத்திலேயே, நிமிர்வதற்குள் எழுத வேண்டும். இரவு முகாமில் எழுதிக்கொள்ளலாம் என்றால் மறந்துபோகும், எல்லாப் பையும் ஒரே மாதிரி இருக்கும். தேதி, போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, மலைச் சரிவா ஓடைப் படுகையா, தளர்ந்து கிடந்ததா பாறையோடு ஒட்டியிருந்ததா. இவ்வளவுதான். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை வியர்வையில் கரையும். எடுப்பதற்கு முன் கல் கிடந்தபடியே ஒரு படம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் கல்லையும் சீட்டையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் கல்லின் அடியில் ஒரு துளி வெள்ளைப் பெயின்ட் வைத்து எண் எழுதி, ஒரு நோட்டில் பதிந்துகொள்ளலாம்.

எடுப்பதைக் குறைப்பதற்கும் இதுவே வழி. ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டும் என்றால் சுமாரான கல்லைத் தானாகவே கீழே வைத்துவிடுவீர்கள்.

அம்புமுனை, பானை ஓடு கிடைத்தால்?

தொடாமல் படம் மட்டும் எடுங்கள். இந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்களின் பொருள் அது, அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். மத்திய அரசு நிலத்திலிருந்து எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவ எலும்பு, பல் ஆகியவையும் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்படியே. பழைய சுரங்க முகாம்களின் துருப்பிடித்த டப்பா, பாட்டில்களையும் விட்டுவிடுங்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

முதல் பயணத்துக்குப் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். கணுக்காலை மூடும் ஷூ, தடித்த கையுறை, அகன்ற தொப்பி, பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ், தண்ணீர்த் தெளிப்பான், பழைய செய்தித்தாள், ஒரு வாளி. பாறை உடைக்க ஆசை இருந்தால் கல் உடைப்பதற்கென்றே செய்த சுத்தியல் வேண்டும். ஆணி அடிக்கும் வீட்டுச் சுத்தியலின் எஃகு சிதறும். ஒரு சுத்தியலை வைத்து இன்னொரு சுத்தியலின் மேல் அடிப்பதும் அதே காரணத்தால் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி போடாதவர் கையில் சுத்தியல் கொடுப்பதில்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் இது பொருந்தும்.

தண்ணீர், சாப்பாடு?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் குறையாமல், அதற்குமேல் வண்டியில் ஒரு கேன் தனியாக. குளிர்காலம்தானே என்று குறைக்காதீர்கள். காற்று உலர்ந்திருப்பதால் வியர்ப்பதே தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் உடம்பு காய்ந்தது புரியும். புளியோதரையும் எலுமிச்சை சாதமும் வழிக்கு நல்லது, உப்புப் போட்ட மோர் ஐஸ் பெட்டியில் வந்தால் எல்லோரும் உங்களைத் தேடி வருவார்கள். குப்பை, பழத்தோல் உட்பட, எல்லாம் திரும்ப வண்டிக்கே.

கழிப்பறை இருக்குமா?

குவார்ட்ஸைட் ஊரிலும் வழியில் பெட்ரோல் பங்குகளிலும் மட்டும். பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது, தயக்கமே வேண்டாம். மடக்கும் சின்னக் கூடாரமும் இருக்கையும் குழுவோடு வரும். அது இல்லாத இடத்தில் ஓடையிலிருந்து தள்ளி அரையடி ஆழம் தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் புதைக்காமல் கட்டி எடுத்து வாருங்கள், பாலைவனத்தில் அது மக்காது. இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் உண்மையான ஆபத்து.

பாம்பு, தேள்?

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதீர்கள். கல்லைப் புரட்டும்போது சுத்தியலின் முனையால், உங்கள் பக்கமாகத் திறக்காமல் எதிர்ப்பக்கமாகத் திறக்கும்படி புரட்டுங்கள். கிலுகிலுப்பைப் பாம்பு குளிரில் பெரும்பாலும் அடங்கியிருக்கும், வெயில் ஏறிய நாளில் வெளியே வரலாம். காலையில் ஷூவை உதறிப் போடுங்கள். லேசாகப் பட்டாலே முள்ளோடு ஒட்டிக்கொள்ளும் சோயா (cholla) என்ற கள்ளியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் மாட்டிக்கொள்வது அதில்தான். கையால் பிடுங்கினால் கையிலும் ஒட்டும். ஒரு தலைச் சீப்பைப் பையில் வைத்திருந்து, அதைக் கொடுத்துத் தள்ளிவிட வேண்டும்.

இரவில் புற ஊதா விளக்கோடு ஒரு நடை உண்டு. சாதாரண நீள அலை விளக்கிலேயே தேள்கள் பச்சை நீலமாக ஒளிரும். குறுகிய அலை விளக்கில் காலையில் பொறுக்கிய அதே வெள்ளைச் சால்செடோனி சில சமயம் கண்ணைப் பறிக்கும் பச்சையாக மாறும், அதில் மிகச் சிறிதளவு யுரேனியம் கலந்திருப்பதால். குறுகிய அலை விளக்கு கண்ணுக்குக் கெடுதல், கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

வேலி ஃபீவர் (Valley Fever) என்கிறார்களே?

இந்த மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் வித்துகளைப் புழுதியோடு சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய். அமெரிக்காவில் பதிவாகும் நோயாளிகளில் பெரும்பாலானோர் அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும்தான். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு இருமல், காய்ச்சல், வாரக்கணக்கில் தீராத அசதி. காற்றடிக்கும் நாளில் தோண்டாதீர்கள், முகக்கவசம் போடுங்கள். கர்ப்பிணிகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஊருக்குத் திரும்பி ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் இருமல் வந்தால் ‘அரிசோனா பாலைவனத்துக்குப் போயிருந்தேன்’ என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். வெளியூர் மருத்துவருக்கு அது முதலில் தோன்றாது.

என் காரில் வர முடியுமா? வழி தவறினால்?

தரை உயரமான வண்டி வேண்டும், நல்ல ஸ்டெப்னி வேண்டும். இல்லாதவர்கள் நெடுஞ்சாலையோரம் காரை விட்டுவிட்டு மற்றவர்களோடு ஏறிக்கொள்ளலாம்.

வரிசையாகப் போகும்போது ஒரே விதி: திருப்பம் வந்தால், பின்னால் வரும் வண்டி உங்களைப் பார்க்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். முன்னால் போகிறவரைத் துரத்துவதை விட்டு, பின்னால் வருகிறவரைக் கவனித்தால் யாரும் தொலைய மாட்டார்கள். உரிமம் தேவைப்படாத சின்ன வாக்கி-டாக்கி ஒவ்வொரு வண்டியிலும் இருக்கும். செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் கருவி முதல் வண்டியில் ஒன்று, கடைசி வண்டியில் ஒன்று. கிளம்பும் முன் தலை எண்ணுவோம், வாளிகளை எண்ண மாட்டோம்.

வழியை விட்டு வண்டியை இறக்காதீர்கள். பாலைவனத் தரையில் நெருக்கமாகப் பதிந்த கல் பரப்பு உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பேட்டன் தொடங்கிய பயிற்சி முகாமில் 1942 முதல் 1944 வரை ஓடிய டாங்கிகளின் தடங்கள் கலிபோர்னியப் பக்கம் இன்றும் தெரிகின்றன.

மழை வந்தால்?

பயணம் ரத்து. தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே தூரத்து மலையில் பெய்த மழை காய்ந்த ஓடையில் வெள்ளமாக வந்துவிடும். ஓடைப் படுகையில் கூடாரம் போடக் கூடாது. வெள்ளத்துக்காகத் தடுப்பு வைத்த சாலையில் அதைச் சுற்றிக்கொண்டு ஓட்டிச் சிக்கினால், மீட்கும் செலவை உங்களிடமே வசூலிக்க அரிசோனாவில் 1995 முதல் சட்டமும் இருக்கிறது.

பழைய சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்கலாமா?

கூடாது. இதில் பேச்சே கிடையாது. வாசலில் நல்ல தரை மாதிரி தெரிந்து இரண்டடி தாண்டிச் செங்குத்துக் குழி இருக்கும், உள்ளே காற்று கெட்டிருக்கும்.

குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்?

இருவருமே வரலாம். குழந்தைகளின் கண் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் நல்ல கல் அவர்களுக்குத்தான் முதலில் கிடைக்கும். கழுத்தில் ஒரு விசில் மாட்டிவிடுங்கள், தனியாகிவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று ஊதச் சொல்லுங்கள். பாலைவன ஆமையைக் கண்டால் தூக்க வேண்டாம். பயத்தில் சேமித்து வைத்த தண்ணீரையெல்லாம் சிறுநீராக விட்டுவிடும், வறட்சியில் அது அதன் உயிருக்கே ஆபத்து. வயதானவர்களுக்குச் சாடில் மலையின் அடிவாரத் தட்டை நிலமே போதும், மடக்கு நாற்காலி கொண்டு வாருங்கள். எங்களோடு வந்த அம்மாக்கள் பலர், நாற்காலியைச் சுற்றிப் பத்தடிக்குள்ளேயே மலையேறியவர்களைவிட நல்ல கல் எடுத்திருக்கிறார்கள்.

கலிபோர்னியாவுக்குள் போனால் என்ன கவனிக்க வேண்டும்?

பிளைத் ஊருக்கு மேற்கே, நெடுஞ்சாலையின் தெற்கில் ஜியோடு கிடைக்கும் பகுதி இருக்கிறது. வெளியே கரடுமுரடான உருண்டை, உள்ளே பொந்தும் படிகமும். ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் எடை குறைவானது உள்ளே பொந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயே சுத்தியலால் உடைக்காதீர்கள், வைர வாளால் அறுத்தால்தான் உள்ளே இருப்பது முழுதாகக் கிடைக்கும்.

மாநில எல்லையில் வேளாண் சோதனைச் சாவடி உண்டு. வீட்டுத் தோட்டத்து எலுமிச்சை, கறிவேப்பிலை எதுவும் வண்டியில் வேண்டாம். எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். குளிர்காலத்தில் அரிசோனா நேரம் கலிபோர்னியாவைவிட ஒரு மணி முன்னால். ஆற்றுக்கரையில் போன் மாறி மாறிக் காட்டும். நாங்கள் சொல்லும் நேரம் எல்லாம் அரிசோனா நேரம்.

இளஞ்சிவப்பு உப்புப் படிகம் எங்கே கிடைக்கும்?

அது கலிபோர்னியாவின் ட்ரோனா. சியர்ல்ஸ் ஏரி என்ற காய்ந்த உப்பு ஏரியில் அக்டோபரில் ஒரு வார இறுதியில் மட்டும் உள்ளூர்க் கல் சங்கம் பொதுமக்களை உள்ளே விடும். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களால் சிவந்த ஹாலைட் என்ற உப்புப் படிகமும், ஹான்க்சைட் என்ற அறுகோணப் படிகமும் சேற்றுக்குள் கிடைக்கும். நல்ல தண்ணீரில் கழுவினால் கையிலேயே கரைந்துவிடும், அந்த ஏரியின் உப்புத் தண்ணீரிலேயே அலச வேண்டும். பழைய துணி உடுத்திக்கொண்டு போங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்த கல்லை எப்படிச் சுத்தம் செய்வது?

பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய பல்துலக்கி, பொறுமை. மேலே வெள்ளையாகப் படிந்த சுண்ணாம்பை வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்து எடுக்கலாம், குவார்ட்ஸ் வகைகளுக்கு மட்டும். கால்சைட்டை அதில் போட்டால் கல்லே கரையும். இரும்புக் கறைக்கு அமிலம் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வீட்டுச் சமையலறையில் அதைத் தொடாதீர்கள். சீட்டைக் கழுவும் தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.

கிடைத்ததை விற்கலாமா?

கூடாது. சொந்தச் சேகரிப்புக்கு என்றுதான் இலவசமாக எடுக்க விடுகிறார்கள். நண்பருக்குப் பரிசாகக் கொடுங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டு போகலாமா?

சின்னதாகச் சிலவற்றைக் கொண்டு போகலாம். சுத்தியலும் உளியும் கைப்பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள், கல்லையும் அதிலேயே. மண்ணை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டு வர முடியாது. அதனால் இடுக்கில் ஒட்டிய மண்கூட இல்லாமல் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஒவ்வொன்றோடும் அதன் சீட்டின் பிரதி இருக்கட்டும், மூலச் சீட்டு உங்கள் கைப்பையில்.